களி, களர், குப்பை: காத்திவாக்கக் கரைநில மண்ணும் எருவின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னையின் காத்திவாக்கம், எண்ணூர்க் கரையில் காய்கறிப் பயிருக்கு எளிதில் இடங்கொடாத கனத்த களிநிலம் இயற்கை எருவால் திருந்துமா என்னும் வினா, வேளாண் கையேடுகளில் இடுபொருளின் அளவு பற்றிய வினாவாகவே பெரிதும் அணுகப்படுகிறது. இக்கட்டுரை அதனை வரலாற்று வினாவாக அணுகுகிறது. நிலவகை குறித்த பழஞ்சொற்கள், காலனிய கால வேளாண் அறிக்கைகள், நகரக் கழிவின் போக்கு, 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாகப்பட்டினப் பட்டறிவு ஆகியவற்றை இணைத்து நோக்குகிறது. உப்புநீர் வெளியேறும் வழியும் மக்கு உள்ளே வரும் வழியும் திறந்திருந்தால் மட்டுமே கரைநிலக் களி திருந்தும் என்பதும், இக்கரையில் அவ்விரு வழிகளும் கடந்த இரு நூற்றாண்டுகளில் அடைபட்டன என்பதும் இதன் வாதம்.

குறிச்சொற்கள்: காத்திவாக்கம், களிமண், களர், குப்பை, பசுந்தாள் உரம், நகர மக்கு, நெய்தல் நிலம்

முன்னுரை

கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் வடக்கே கொசஸ்தலையாறு கடலிற் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் காத்திவாக்கம். தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. மண்ணை வைத்துப் பார்த்தால் இது ஒரே நிலமன்று. கடலோரத்தில் வடக்குத் தெற்காக மணல்மேடு நீள்கிறது. அதன் பின்புறம், கால்வாயையும் கழியையும் ஒட்டிய தாழ்வில், ஆறும் கடலும் மாறிமாறிப் படியவிட்ட நுண்களி கிடக்கிறது. மணலில் ஊற்றிய நீர் நிற்பதில்லை. களியில் பெய்த மழை இறங்குவதில்லை.

களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுடையது. அத்துகள்கள் சத்தைப் பற்றிவைக்கும் ஆற்றலுடையவை. ஆதலால் சத்து நிலையில் களிமண் மணலினும் மேம்பட்டதே. அதன் குறை காற்றோட்டத்திலும் வடிகாலிலும் உள்ளது. ஐப்பசி, கார்த்திகையில் வேர் மூச்சுத் திணறும். சித்திரையில் நிலம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். கத்தரி, வெண்டை, தக்காளி ஆகியவை இவ்விரண்டையும் தாங்குவதில்லை. மக்கு சேரச் சேரக் களித்துகள்கள் மணிமணியாகத் திரண்டு, இடையே காற்றும் நீரும் செல்லும் துளைகள் உண்டாகும். பொதுவாகக் களிநிலத்துக்கு இவ்விளக்கம் போதும். காத்திவாக்கம் போன்ற ஓதநிலத்துக்கு இது போதாது என்பதைப் பழைய சொற்களே காட்டுகின்றன.

நிலவகைச் சொற்கள்

இன்றைய எழுத்தில் 'களிமண்' என்ற ஒற்றைச் சொல் ஆளப்படும் இடத்தில், பழைய வழக்கு களி, களர், உவர் என மூன்றை வேறுபடுத்தியது. சோழர் செப்பேடுகளில் கொடைநிலத்தை விரித்துரைக்கும் சொற்றொடர்களில் களரும் உவரும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஆறு படியவிட்ட நிலம் 'ஆறிடு படுகை' என வேறாகக் குறிக்கப்படுகிறது. உப்பு விளையும் இடத்துக்கு 'அளம்' என்ற பெயர் உண்டு. நிலத்தை அளந்து கொடுத்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் இவ்வேறுபாடு பொருளுடையதாக இருந்திருக்க வேண்டும். இல்லையேல் அதனைச் செப்பில் பொறிக்கத் தேவையில்லை.

இன்றைய மண்ணியல் உப்பு மிகுந்த நிலத்தை உவர் என்றும், சோடியம் மிகுந்து கெட்ட நிலத்தைக் களர் என்றும் வழங்குகிறது. பழஞ்சொற்களை இவ்வேதியியல் வகைகளோடு அப்படியே பொருத்துவது பிழையாகும். ஆயினும் வேறுபாட்டின் பயன் ஒன்றே: மூன்றுக்கும் மருந்து வேறு. வெறும் களிக்கு மக்கு போதும். உவருக்கு மக்கினும் முதலில் வேண்டுவது உப்பைக் கழுவிச் செல்லும் நன்னீரும் அந்நீர் வெளியேற வடிகாலும். களரில் சோடியம் களித்துகள்களை ஒன்றினின்று ஒன்று விலக்கிவிடுவதால், விலகிய துகள்கள் துளைகளை அடைத்துவிடுகின்றன. அங்கே கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்து, விடுபட்ட சோடியம் நீரோடு வெளியேறினாலன்றி நிலம் திருந்தாது. ஜிப்சம் இடுவது இதன் பொருட்டே.

வெறும் களியையும் களரையும் எளிதில் வேறுபடுத்தும் சோதனை ஒன்றை ஆஸ்திரேலிய மண்ணியலாளர் எமர்சன் 1967இல் வகைப்படுத்தினார். காய்ந்த மண்கட்டியைத் தூய நீரில் அசைக்காமல் இட்டு வைக்க வேண்டும். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் அது மக்கை வேண்டும் களி. கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் பரவினால் சோடியம் மிகுந்திருக்கிறது. கண்ணாடிக் குவளையும் மழைநீரும் இருந்தால் எந்த வீட்டிலும் செய்து பார்க்கத்தக்கது இது. உப்பு மிகுந்திருக்கும்போது களரும் கலங்காமல் நிற்கும் என்பதால், கழிக்கரை மண்ணை உப்பு நீங்கிய பின் மீண்டும் ஒருமுறை சோதிப்பது நன்று.

நெய்தல் நிலம் காய்கறிக்குரிய நிலமாக இருந்ததில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். உமணர் உப்பைக் கொண்டு சென்று உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றிய செய்தி சங்கப் பாடல்களில் பலமுறை வருகிறது. மீனும் உப்பும் வெளியே செல்ல, தானியமும் காயும் உள்ளே வந்தன. பண்டு இக்கரை முழுதும் செழித்த தோட்டமாக இருந்து பிற்காலத்தில் கெட்டது என்ற கற்பனைக்குச் சான்றில்லை.

உழவும் எருவும்

உள்நாட்டுக் களிநிலத்தைத் தமிழ் உழவர் கையாண்ட முறை ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. திருக்குறளின் உழவு அதிகாரம் உழுத புழுதியை நன்றாக உலரவிடுவதை எருவுக்கு ஈடாகப் பேசுகிறது. ஒரு பலம் மண் கால் பலமாகக் குறையும்வரை காயவிடச் சொல்லும் அளவு இயற்பியல் நோக்கில் மிகையானது. ஆயினும் கருத்துப் பிழையானதன்று. கோடையுழவில் புரண்ட களிக்கட்டி வெயிலில் காய்ந்து வெடித்து, முதல் மழையில் உதிர்ந்து பொலபொலவென்றாவதை உழவர் அனைவரும் அறிவர். ஈரக்களியை உழுதால் அது செங்கல்லாக இறுகும் என்பதையும் அறிவர்.

எருவுக்கு ஆட்டுக் கிடை, தொழுவுரம், கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, பூவரசு ஆகியவற்றின் தழை. இவற்றோடு மண்ணுக்கு மண்ணே மருந்தாகும் முறையும் இருந்தது. ஏரி வற்றிய கோடையில் வண்டலை வண்டியில் ஏற்றி மணற்பாங்கான புன்செய்யில் பரப்பினர். இறுகிய களியில் மணலையோ செம்மண்ணையோ கலந்தனர். வண்டல் எங்கும் நன்மை செய்யும் என்று பொதுப்பட எழுதுவோர் இதனைக் கவனிப்பதில்லை. வண்டல் தானே நுண்களியாதலால் களிநிலத்தில் அதனைக் கொட்டுவது நோயையே மருந்தாகக் கொடுப்பதாகும். ஏரிகளின் வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017இல் தமிழக அரசு விதிகளைத் தளர்த்தியபோது நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்றும் புன்செய்க்கு 90 கன மீட்டர் என்றும் அளவு வகுக்கப்பட்டது. மண்வகை அவ்வளவில் இடம்பெறவில்லை.

அறிக்கைகளும் கால்வாயும்

மதராஸ் மாகாணத்தில் அரசின் வேளாண் ஆய்வு 1865இல் சைதாப்பேட்டைப் பண்ணையோடு தொடங்கியது. இரும்புக் கலப்பை ஆழ உழுதால் விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கை அதன் தொடக்க ஆண்டுகளில் வலுவாக இருந்தது. சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் கல்வி 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. இப்பொருளுக்கு அப்பண்ணையினும் மிகுந்த வெளிச்சம் தருவது ஜான் அகஸ்டஸ் வோல்க்கரின் அறிக்கை.

இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் ஆலோசக வேதியியலாளரான வோல்க்கர் 1889 இறுதியில் இந்தியா வந்து ஓராண்டுக்கு மேல் சுற்றினார். அவரது அறிக்கை 1893இல் வெளிவந்தது. இந்திய உழவர் அறியாமையில் உழல்கிறார் என்ற அன்றைய கருத்தை அவர் மறுத்தார். உழவரிடம் அறிவுக்குக் குறைவில்லை, எருவுக்கே குறைவு என்பது அவரது முடிவு. சாணம் நிலத்துக்குச் செல்லாமல் அடுப்புக்குச் செல்கிறது. விறகு கிடைத்தால் சாணம் மிஞ்சும். ஆகவே ஊர்தோறும் எரிபொருளுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்க வேண்டும் என்றார். எலும்பு ஏற்றுமதியால் மண்ணின் சத்து நாட்டைவிட்டு வெளியேறுவதையும் சுட்டினார்.

இவ்வாதத்தை எண்ணூர்க் கரையில் நின்று படிக்கும்போது கால்வாய் நினைவுக்கு வருகிறது. 1801க்கும் 1806க்கும் இடையில் மதராசிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டுப் பின்னர் வடக்கே நீண்ட கால்வாய், 1877, 1878 பஞ்சகாலத்தில் நகருக்குள் இணைப்பு வெட்டப்பட்டு ஆளுநர் பக்கிங்ஹாம் பெயரைப் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளின் விறகும் வடபகுதி உப்பும் இதன் வழியே படகில் மதராசுக்கு வந்தன. விறகு, வைக்கோல், தானியம், காய், மீன் என அனைத்தும் நகருக்குள் சென்றன. அவற்றின் எச்சம் எவ்வழியே எந்த நிலத்துக்குத் திரும்பியது என்பதே எருவின் வரலாற்றில் முதன்மையான கேள்வி. கால்வாயின் மறுபுறத்தையும் விட்டுவிடலாகாது. ஓதநீரை உள்நிலத்துக்குள் இட்டுச்செல்லும் அதன் போக்கும், கால்வாய்க் கரையும், அதனைத் தொடர்ந்த இருப்புப்பாதைக் கரையும், மண்ணிட்டு உயர்த்திய ஆலைமனைகளும் தாழ்ந்த களிநிலத்தின் மழைநீர் கழிக்கு வடிந்த பழைய போக்கை மாற்றின. உப்பைக் கழுவிக்கொண்டு போகவேண்டிய நீர் தேங்கி, ஆவியாகி, உப்பை மேலே விட்டுச்செல்லலாயிற்று.

குப்பை என்னும் சொல்

சங்கப் பாடல்களில் குப்பை என்பது குவியல். நெய்தல் பாடல்கள் உப்புக் குவியலையும் குப்பை என்றே குறிக்கும். உழவர் வழக்கில் அது மக்கிய எரு. 'குப்பை அடித்தாயிற்றா' என்று ஒருவர் கேட்டால் நிலத்துக்கு எரு போய்ச் சேர்ந்ததா என்பதே பொருள். நகர வழக்கில் அதே சொல் தீண்டத்தகாத கழிவாயிற்று. இப்பொருள் மாற்றத்தை மொழியியல் நிகழ்வாக மட்டும் கொள்வது போதாது. பொருள்களின் போக்கு மாறிய பின்னரே சொல்லின் பொருள் இவ்வாறு பிரிந்தது எனக் கருதுகிறேன்.

இப்பிரிவை இணைக்க முயன்றவர்கள் இருந்தனர். ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் வகுத்த மக்கு முறை 1931இல் நூலாக வெளிவந்தது. சாணம், பயிர்க்கழிவு, சாம்பல் கலந்த மண் ஆகியவற்றை அடுக்கி, புரட்டி, காற்றோட்டத்துடன் மக்கவைப்பது அது. நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் அடுக்கி மூடி மக்கவைக்கும் பெங்களூர் முறையை இந்திய அறிவியல் கழகத்தில் ஆச்சார்யா 1939இல் உருவாக்கினார். 1940களில் உணவுப் பற்றாக்குறையின் நெருக்கடியில் இந்தியாவின் பல நகரங்கள் மக்கு தயாரித்தன.

பின்னர் நகரக் குப்பையின் இயல்பே மாறியது. பிளாஸ்டிக், கண்ணாடி, மின்கலம், சாயம் ஆகியவை சேர்ந்த குப்பையில் கிடைக்கும் மக்கு பழைய குப்பை அன்று. காத்திவாக்கத்துக்குத் தெற்கே கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைமேடு வடசென்னையின் கழிவைப் பல பத்தாண்டுகளாக ஏற்றது; அதில் கலந்து புதைந்த காய்கறிக் கழிவும் தழையும் எந்த நிலத்தையும் திருத்தவில்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர மக்கில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் மிகக்கூடாது என வரையறுக்கிறது. 2016இல் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூலத்திலேயே பிரித்தலைக் கட்டாயமாக்கின. அதே ஆண்டு ஒன்றிய அரசு நகர மக்குக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்து, இரசாயன உர நிறுவனங்களே அதனையும் சேர்த்து விற்க வேண்டும் என்றது.

உரமும் சாம்பலும்

இந்த ஏற்பாட்டுக்கு வடசென்னையில் தனிப்பொருள் உண்டு. இராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் 1906இல் சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கியது. 1960களில் எண்ணூருக்கு உர ஆலை வந்தது. 1966இல் பதிவுபெற்ற மெட்ராஸ் உர நிறுவனம் 1971இல் மணலியில் உற்பத்தியைத் தொடங்கியது. தமிழகத்தின் வயல்களுக்கு உரம் அனுப்பிய கரையில் தன் கொல்லை மண்ணுக்கு எரு இல்லை. டிசம்பர் 2023இல் எண்ணூர் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் முதலிய ஊர் மக்கள் நள்ளிரவில் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி.

சாம்பலின் கதையும் குப்பையின் கதையைப் போன்றதே. அடுப்புச் சாம்பலைக் கீரைப்பாத்தியில் தூவுவது வீட்டுத் தோட்டத்தின் பழைய வழக்கம். சாம்பல்சத்துக்கும் பூச்சி விலக்கத்துக்கும் அது உதவியது. 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும், 1990களில் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையமும் விட்டுச்சென்ற சாம்பல் வேறு. நிலக்கரியின் பறக்கும் சாம்பல் களிமண்ணின் இறுக்கத்தைத் தளர்த்தும் என்று மண்ணியல் ஆய்வுகள் காட்டுவது உண்மையே. அதில் ஆர்செனிக், போரான், பிற உலோகங்கள் உள்ளன என்பதும் உண்மை. மரச்சாம்பலை ஏற்கும் இயற்கை வேளாண் நெறி நிலக்கரிச் சாம்பலை அதனோடு ஒப்பவைப்பதில்லை. சாம்பல்குழம்புக் குழாய்களின் கசிவால் கொசஸ்தலையாற்றின் கழிப்பகுதி ஆழம் குறைந்தது. நீர் வடியும் வழி இன்னும் ஒருமுறை அடைபட்டது.

நாகப்பட்டினப் பட்டறிவு

உப்பேறிய கரைநிலத்தை இயற்கை முறையில் மீட்ட அண்மைக்காலச் சான்று காவிரிப்படுகையின் கடைமடையில் உள்ளது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தின் கரையோர வயல்களில் உப்புநீரையும் கடற்சேற்றையும் விட்டுச்சென்றது. கோ. நம்மாழ்வாரும் (1938–2013) அவருடன் இயங்கிய இயற்கை உழவர்களும் அங்கே மேற்கொண்ட பணி பரவலாக அறியப்பட்டது. கடற்சேற்றைக் கையாண்டு, வரப்பும் வாய்க்காலும் வெட்டி, தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் பயிர்களை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதனர். தக்கைப்பூண்டு உப்பையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும். 45 நாளில் ஹெக்டேருக்குச் சுமார் 20 டன் பசுந்தாள் தரும். அது மக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். ஜிப்சம் செய்யும் வேலையின் ஒரு பகுதியைப் பயிரே செய்கிறது.

இவ்வெற்றியைப் பசுந்தாளுக்கு மட்டும் உரியதாக்குவது வரலாற்றுக்கு நியாயமாகாது. 2005 வடகிழக்குப் பருவமழை மிகக் கடுமையாகப் பெய்து உப்பைப் பெருமளவு கழுவியது. மழையே காரணம் எனின் உழவர் முயற்சி வீண் என்றாகிவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. திறந்த வாய்க்காலும் தக்கைப்பூண்டின் வேர் துளைத்த மண்ணும் இல்லாத இடத்தில் அம்மழை வயலில் தேங்கியே நின்றிருக்கும். முதலில் வடிகால், அடுத்து நன்னீர், அதன்பின் மக்கு என்ற வரிசையே அங்குப் பலித்தது. கையேடுகள் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகின்றன.

காத்திவாக்கத்துக்குப் பொருந்துவதும் பொருந்தாததும்

அவ்வரிசையைக் காத்திவாக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதற்படி தனி வீட்டாரின் கையில் இல்லை என்பது புலப்படும். கொல்லையில் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து வேர்ப்பகுதியை நீர்த்தேக்கத்துக்கு மேலே உயர்த்தலாம். பருவமழைக்கு முன் ஓரத்தில் கால் வெட்டி, மழை உப்பைக் கழுவவிடலாம். தையில் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து மடக்கலாம். மக்குக்கு மூலப்பொருள் ஊரிலேயே உண்டு: காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளின் உப்பிடாத மீன்கழிவு, வீட்டுக் காய்கறிக் கழிவு, தென்னைநார்க் கழிவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீர் இறங்காத மண்ணுக்கு மக்கிய தென்னைநார்க் கழிவு ஹெக்டேருக்கு 12.5 டன் எனப் பரிந்துரைக்கிறது. மக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 112:1. மக்கிய பின் 24:1. மக்காமல் இட்டால் அது பயிருக்குரிய தழைச்சத்தையே பறிக்கும். பல்கலைக்கழக முறையில் காளான் வித்துடன் யூரியா சேர்க்கப்படுகிறது; யூரியாவைத் தவிர்ப்போர் சாணத்தையோ மீன்கழிவையோ பயன்படுத்த வேண்டும்.

இவை களிக்கும் உவருக்கும் களருக்கும் உரிய மருந்துகள். உலோகக் கலப்புக்கு மருந்தல்ல. டிசம்பர் 2023 வெள்ளத்தில் எண்ணெய்ப்படலம் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியை அடைந்து, தாழ்ந்த குடியிருப்புகளின் சுவர்களிலும் படிந்தது. அத்தகைய மண்ணில் மக்கு சில உலோகங்களைப் பிணித்துவைக்கும், நீக்காது. ஈயமும் காட்மியமும் காயினும் கீரையிலேயே மிகுதியாகச் சேர்வதால், சோதிக்கப்படாத கழிக்கரை மண்ணில் முதற்பயிராகக் கீரையை விதைப்பது இயற்கை முறை என்ற பெயராலேயே பாதுகாப்பாகிவிடாது. 2023 மார்ச்சில் வெளியான தமிழக அரசின் உயிர்ம வேளாண்மைக் கொள்கையை நகரோர நிலத்துக்குப் பொருத்திப் பார்க்கும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது மண்சோதனையை.

நடைமுறையில் நகரம் வேறு வழியைத் தேர்ந்தது. 2013இல் தோட்டக்கலைத் துறை சென்னைக்கும் கோவைக்கும் அறிமுகப்படுத்திய மாடித்தோட்டத் தொகுப்பில் தென்னைநார்க் கழிவு நிரப்பும் பைகள் இடம்பெற்றன. கழிக்கரைக் குடும்பத்துக்கு அது பாதுகாப்பான வழி என்பதில் ஐயமில்லை. களியைத் திருத்த வேண்டிய பொருள் அங்கே களியின் இடத்தையே எடுத்துக்கொண்டது. சில பருவங்களுக்குப் பின் சத்திழந்து மக்கிப்போகும் அந்நார்க்கழிவு, மாடியிலிருந்து இறங்கி வாசலில் நிற்கும் குப்பை வண்டியில் ஏறுமா, கொல்லையின் மேட்டுப்பாத்தியில் சேருமா என்பதை வீடுவீடாகக் கணக்கெடுத்துப் பார்க்கலாம்.